கிணறு எம்முடையது, கேள்வியும் எம்முடையதாகட்டும்

ஆய்வு மாநாடு என்ற சொல்லைக் கேட்டதும் எமது கமக்காரர் ஒதுங்கி நிற்கின்றனர். அது கற்றோர் கூடிக் கற்றோர்க்கு உரைக்கும் இடம் என்பது அவர்தம் எண்ணம். சட்டத்தரணிகளும் மருத்துவர்களும் பொறியியலாளர்களுங்கூட, பட்டம் பெற்று வெளியேறிய நாளோடு அவ்விடத்துக்கும் தமக்குமுள்ள தொடர்பு அறுந்துவிட்டதென்றே கருதுகின்றனர். இவ்விரு எண்ணங்களும் பிழையானவை. எமது மக்களுக்குக் கேடு விளைப்பவை.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீரைப் பற்றிப் பல்லாண்டுகளாக ஆய்வுகள் நடந்து வருகின்றன. மாதிரி எடுப்போர் வருகின்றனர்; போத்தலில் நீரை நிரப்பிச் செல்கின்றனர்; அளக்கின்றனர்; கட்டுரை எழுதுகின்றனர். கட்டுரை ஆங்கிலத்தில் அச்சேறுகின்றது, மாநாட்டில் வாசிக்கப்படுகின்றது. ஆனால், எந்தக் கிணற்றிலிருந்து நீர் எடுக்கப்பட்டதோ அந்தக் கிணற்றுக்குரியவரிடம் அம்முடிவு வந்து சேர்வது அரிது. தம் பிள்ளை குடிக்கும் நீரைப் பற்றிப் பிறர் அறிந்ததைத் தாம் அறியாதிருப்பதைவிட இரங்கத்தக்க நிலை வேறுண்டோ?

இந்நிலைக்கு ஆய்வாளரைக் குறைகூறி அமைதல் எளிது. அது பயன் தராது. நாம் சொல்வது வேறு. வடக்கிலும் கிழக்கிலும் உள்ள பல்கலைக்கழகங்கள் ஆய்வு மாநாடுகளை நடத்துகின்றன. அத்தகைய மாநாடொன்றில், நிலத்தடி நீர் குறித்த செயலமர்வு ஒன்றைக் கமக்காரரும் தொழில்வல்லாரும் ஆய்வாளரும் கூடி முன்மொழிய வேண்டும். முன்மொழிந்து, ஒழுங்குசெய்து, நடத்தி முடிக்கவும் வேண்டும். இது கைக்கெட்டாத காரியமன்று. எவ்வாறு செய்வதென்பதை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

டில்லியிற் கூடிய சிறு கூட்டம்

பெரிய மாநாடொன்றின் ஓரத்திற் கூடும் சிறு கூட்டத்தால் என்ன விளையும் என்று ஐயுறுவோர் 1964 ஆம் ஆண்டை நினைவுகூர்வாராக. அவ்வாண்டு சனவரி மாதத்தில் கீழைத்தேயவியலாளரின் அனைத்துலக மாநாடு புதுடில்லியில் நடைபெற்றது. அது தமிழுக்கென்று கூட்டப்பட்டதன்று. பல நாட்டு அறிஞர் பல மொழிகளையும் பல சமயங்களையும் ஆராயக் கூடியிருந்தனர். அங்கு வந்திருந்த தமிழ் ஆய்வாளரைத் தனியே ஒருங்குசேர்க்கும் முயற்சியில் இருவர் முன்னின்றனர். ஒருவர் எமது ஊர்காவற்றுறைப் பகுதியிற் பிறந்து, அக்காலத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய தனிநாயகம் அடிகள். மற்றையவர் பேராசிரியர் வ. அய். சுப்பிரமணியம். அந்தக் கூட்டத்தில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. பிரான்சு நாட்டு அறிஞர் பிலியோசா தலைவரானார். தனிநாயகம் அடிகளும் செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபிலும் செயலாளர்களாயினர்.

இரண்டாண்டு கழிந்து 1966 இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடியது. 1968 இற் சென்னையிலும், 1970 இற் பாரிஸிலும், 1974 இல் யாழ்ப்பாணத்திலும் தொடர்ந்து கூடியது. யாழ்ப்பாண மாநாட்டின் இறுதி நாளில் நேர்ந்த உயிரிழப்பை எம்மக்கள் மறந்தாரல்லர். அதனை இங்கு விரித்துரைத்தல் எமது நோக்கமன்று. நாம் குறிக்க விரும்புவது ஒன்றே. பிறர் கூட்டிய மாநாட்டினுள்ளே தமக்கென ஓர் அறையையும் ஒரு வேளையையும் ஒரு வினாவையும் வகுத்துக்கொண்டோர், மேலும் பல மாநாடுகளுக்கு வித்திட்டனர். மொழிக்கு அது இயன்றதாயின் நீருக்கு ஏன் இயலாது?

எம் காலடியில் உள்ள நீர்

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. மாரி மழையைச் சுண்ணாம்புக் கற்படுகை உறிஞ்சிக் காக்கின்றது. அதனைக் கிணற்றால் எடுத்து வாழ்கின்றோம். அந்த நன்னீர், கடலிலிருந்து உட்புகுந்த உவர்நீரின் மீது வில்லை போல மிதந்து நிற்கின்றது. நன்னீர் இலேசானது, உவர்நீர் கனமானது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கண்ட விதி. இதனை மறுபுறம் திருப்பிப் பார்ப்போர்க்கு அச்சம் தோன்றும். மேலே 1 அடி குறையும்படி நாம் இறைத்துவிட்டால், கீழே உவர்நீர் 40 அடி ஏறிவர இடமுண்டு. துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பில்லை.

இது ஒரு கேடு. மற்றையது கண்ணுக்குப் புலப்படாதது. தோட்டத்திலிடும் பசளையிலும் எருவிலும், மலசலகூடக் குழியிலும் உள்ள நைதரசன் நைத்திரேற்றாக மாறி, மழையோடும் பாய்ச்சும் நீரோடும் கீழிறங்குகின்றது. செம்பாட்டு மண் நீரை விரைவில் உட்புகவிடும். சுண்ணாம்புக் கல்லோ வெடிப்பும் குகையும் நிறைந்தது. ஆதலின் ஒருவர் வளவில் இறங்கியது அயலவர் கிணற்றில் தோன்றுதல் கூடும். நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. காய்ச்சினாலும் அது நீங்காது. நீர் ஆவியாகுந்தோறும் அதன் செறிவு கூடும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. அளவு மிகுந்த நீரிற் பால்மா கரைத்துப் பருக்கப்படும் கைக்குழந்தையின் குருதி உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கலாம். உடல் நீலம் பூக்கலாம்.

கிணறு வேலிக்குள் இருக்கின்றது. நீர் வேலியை அறியாது. எம் முன்னோர் இதனை ஒருவாறு உணர்ந்திருந்தனர். உறுதிகளிற் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதி, இறைப்பு முறையையும் வகுத்து வாழ்ந்தனர். நீரின் அளவைப் பங்கிட அவர்களுக்குச் சட்டமும் வழக்கமும் இருந்தன. நீரின் தூய்மையைப் பங்கிட எமக்கு இன்னும் வழி தோன்றவில்லை.

2021 கற்பித்த பாடம்

வழியை நாம் தேடாவிடின் பிறர் எம்மீது ஒரு வழியைச் சுமத்துவர். 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி வர்த்தமானி அறிவித்தலால் தடைசெய்யப்பட்டது. மக்களின் உடல்நலமும் மண்ணின் நலமும் காரணங்களாகக் கூறப்பட்டன. நவம்பர் மாதத்தில் அத்தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் நெல் விதைத்தவரும் தேயிலை வளர்த்தவரும் மரக்கறி நட்டவரும் பட்ட இழப்பை நாடறியும்.

பசளை மிகுதியால் நீர் கெடும் என்ற கவலை பொய்யன்று. நாமே அதனை மேலே கூறினோம். ஆனால் எந்த மண்ணுக்கு, எந்தப் பயிருக்கு, எத்துணை குறைக்கலாம் என்று கமக்காரரையும் ஆய்வாளரையும் ஒருங்கிருத்திக் கேளாமல், நாடு முழுவதற்கும் ஒரே நாளில் ஒரே கட்டளை பிறந்தது. மருந்தின் அளவறியாது கொடுப்பவன் வைத்தியனாகான். நாளை நிலத்தடி நீர் குறித்து மற்றொரு கட்டளை பிறக்கலாம். இறைக்கும் நேரம் வரையறுக்கப்படலாம், பயிர் வரையறுக்கப்படலாம். அவ்வேளை கமக்காரர் கையில் கணக்கொன்றும் இல்லையாயின், அவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பார். பேசுவதற்குச் சான்று இராது. கிணற்றிலுள்ள நைத்திரேற்றில் எப்பங்கு தோட்டத்தினது, எப்பங்கு மலக்குழியினது என்று காட்ட இயலாதவர், முழுப் பழியையும் ஏற்க நேரிடும்.

செயலமர்வு என்பது யாது?

கட்டுரை வாசிக்கும் அரங்கு வேறு, செயலமர்வு வேறு. அரங்கில் ஒருவர் உரைப்பார், மற்றையோர் கேட்பர், ஓரிரு வினாக்களோடு கலைவர். செயலமர்வில் வந்தோர் அனைவரும் ஒரு வினாவை முன்வைத்து ஒருங்கிருந்து வேலை செய்வர். எழும்போது கையில் ஏதேனும் ஒரு முடிவோடு எழுவர்.

இது எமக்குப் புதிதன்று. குளத்துக் கமக்காரர் போகக் கூட்டத்தை அறிவர். நீர் திறக்கும் நாள், விதைக்கும் நாள், விதைக்கும் பரப்பு, நெல்லின் வயது யாவும் அங்கே பேசித் தீர்மானிக்கப்படுகின்றன. அதிகாரியும் இருப்பார், கமக்காரரும் இருப்பார், முடிவு ஏட்டில் ஏறும். அந்தப் போகக் கூட்டத்தை ஆய்வு மாநாட்டினுள் நடத்துவதாக எண்ணுக. செயலமர்வின் இயல்பு விளங்கும்.

முன்மொழிவை எழுதும் முறை

மாநாடு கூடுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே ஏற்பாட்டாளர் முன்மொழிவுகளைக் கோருவர். கோரிய நாளுக்குப் பிந்தி வருவது எத்துணைச் சிறந்ததாயினும் ஒதுக்கப்படும். காலங்கடந்த மேன்முறையீட்டின் கதி இதுவே. ஆகையால் கோரிக்கை வரும் முன்னரே எம்மிடம் வரைவு இருத்தல் வேண்டும். வரைவில் ஆறு செய்திகள் தெளிவாக இருக்க வேண்டும்.

முதலாவது, வினா. ‘நிலத்தடி நீரும் அபிவிருத்தியும்’ என்று தலைப்பிட்டால் அதனுள் எல்லாம் அடங்கும், எதுவும் தீராது. ‘வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று எங்கிருந்து வருகின்றது? விளைச்சல் குறையாமல் அதனைக் குறைப்பது எவ்வாறு?’ என்று கேட்பது தகும். வழக்கில் எழுவினாக்களைச் சரியாக வகுத்தால் பாதி வழக்கு முடிந்தது.

இரண்டாவது, பொறுப்பாளர். மூவர் போதும். பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர், தொழில்வல்லார் ஒருவர், கமக்காரர் அமைப்பின் பேராளர் ஒருவர். மூவரும் ஒப்பமிட வேண்டும். கமக்காரரின் பெயர் அலங்காரத்துக்காக ஈற்றில் இடப்படுதல் ஆகாது; வினாவை வகுக்கும் நாளிலேயே அவர் உடனிருக்க வேண்டும்.

மூன்றாவது, பங்குபற்றுவோர். நாற்பதின்மருக்கு மேற்பட்டால் அது பொதுக்கூட்டமாகிவிடும். அவர்களிற் பாதிப்பேர் கமக்காரராதல் வேண்டும். பெண் கமக்காரர் விடுபடலாகாது. விவசாயப் போதனாசிரியர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நீர் வழங்கல் துறைப் பொறியியலாளர், மண்ணியல் மற்றும் நீரியல் ஆய்வாளர், மருத்துவர், சட்டத்தரணி ஆகியோர் எஞ்சியோர்.

நான்காவது, நேர ஒழுங்கு. மூன்று மணித்தியாலம் கேட்போம். நால்வர் பத்துப் பத்து நிமிடம் பேசட்டும். அவர்களுள் ஒருவர் கமக்காரர். அடுத்த 80 நிமிடத்தில் ஐந்து குழுக்களாகப் பிரிந்து வரைபடத்தையும் அளவுகளையும் வைத்து ஆராய்தல். பின் 30 நிமிடம் குழுக்களின் அறிக்கை. இறுதி 30 நிமிடம் தீர்மானம். தலைவர் மணியைக் கையில் வைத்திருக்க வேண்டும். எமது கூட்டங்களில் வரவேற்புரையும் வாழ்த்துரையும் பொன்னான நேரத்தை விழுங்கிவிடுவதை நாம் எல்லோரும் அறிவோம்.

ஐந்தாவது, தேவைகள். மண்டபம், மேசைகள், குடாநாட்டு வரைபடம், மொழிபெயர்ப்பாளர், குறிப்பெடுப்போர். கமக்காரருக்குப் பதிவுக் கட்டணம் விலக்கப்பட வேண்டும் என்பதை முன்மொழிவிலேயே எழுதிக் கேட்க வேண்டும். செலவைக் கமக்காரர் அமைப்புகளும் தொழில்வல்லார் சங்கங்களும் பகிர்ந்துகொள்ளட்டும். பசளை விற்போரிடமோ கிருமிநாசினி விற்போரிடமோ சதமும் பெறலாகாது. பெற்றால் எமது முடிவை எவரும் நம்பார்.

ஆறாவது, விளைபொருள். செயலமர்வு முடிந்து 30 நாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஓர் அறிக்கை. ஒவ்வொரு கிணற்றுக்குரியவருக்கும் அவர் கிணற்றின் அளவு எழுதிய தாள். அடுத்த ஆண்டு செய்யவேண்டிய பரீட்சார்த்தம் ஒன்று. இவை எழுதப்படாத முன்மொழிவை மதிப்பீட்டாளர் தள்ளினால், தள்ளியது முறையே என்போம்.

மாநாட்டுக்கு முன்னர்

வெறுங்கையோடு போதல் ஆகாது. முப்பது கமக்காரர் தத்தம் கிணற்றை இவ்வேலைக்கு மனமுவந்து தரட்டும். கிணறு தாழ்ந்திருக்கும் ஆவணி புரட்டாதியில் ஒருமுறையும், மழை ஓய்ந்து கிணறு நிறைந்திருக்கும் தையில் ஒருமுறையும் நீர் அளக்கப்படட்டும். நட்ட பயிர், இட்ட எரு, இட்ட பசளை மூடை, இயந்திரம் ஓடிய மணி, கிணற்றின் நீர்மட்டம், மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடைப்பட்ட தூரம் யாவும் பள்ளிப் பிள்ளையின் அப்பியாசக் கொப்பியிற் குறிக்கப்பட்டாற் போதும். 50 கிலோ யூரியா மூடையொன்றில் 23 கிலோ நைதரசன் உண்டு. இத்தனை மூடை இட்டேன் என்று கமக்காரர் சொன்னால், இத்தனை நைதரசன் இறங்கியது என்று ஆய்வாளர் கணக்கிடுவார். ஒருவர் அறிவு மற்றவர் அறிவின்றி நிறைவுறாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

சட்டத்தரணிகளுக்கும் இதில் வேலையுண்டு. கிணற்றுக்குரியவரின் ஒப்புதல் எழுத்தில் இருத்தல் வேண்டும். கிணறுகள் இலக்கத்தாற் குறிக்கப்பட வேண்டுமேயன்றிப் பெயராற் குறிக்கப்படலாகாது. இன்னாரின் கிணறு கெட்டதென்று ஊரிற் பரவினால் அவர் மரக்கறியைச் சந்தையில் வாங்குவாரில்லை. அவர் மகளுக்குச் சீதனமாக எழுதிய காணியின் விலையும் வீழும். ஏலவே அரசாங்க அலுவலகங்களில் உள்ள அளவீடுகளைப் பெறுவதற்கு, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வழிவகுக்கின்றது. பிரசை எவரும் எழுத்திற் கேட்கலாம். தருவதா மறுப்பதா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அறிவித்தல் வேண்டும். கேளாதிருந்துவிட்டு மறைத்தனர் என்று முறையிடுவதிற் பொருளில்லை.

மொழி

செயலமர்வின் மொழி தமிழாதல் வேண்டும். அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் 1987 இல் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆயினும் விஞ்ஞானம் எம் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்திலேயே பேசப்படுகின்றது. அனைத்துலக ஆய்வாளரோடு உரையாட ஆங்கிலம் வேண்டும். அதனை நாம் வெறுக்கவில்லை. ஆனால் கிணற்றைப் பற்றிய உண்மையைக் கிணற்றுக்குரியவரின் மொழியிற் சொல்ல இயலாத ஆய்வாளர் அவ்வுண்மையைத் தாமே முற்றும் விளங்கிக்கொண்டாரா என்ற ஐயம் எமக்குண்டு. தமிழிற் பேசட்டும், வெளிநாட்டார்க்கும் தமிழறியாச் சகோதரர்க்கும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மொழிபெயர்ப்புத் தரப்படட்டும். மொழிபெயர்ப்பைக் கேட்டுக்கொண்டிருக்கும் முறை ஒருமுறையேனும் மற்றவரைச் சாரட்டும்.

எழக்கூடிய ஆட்சேபங்கள்

ஆய்வின் நடுநிலைமை கெடும் என்பர் சிலர். முடிவை முன்னரே வகுத்துக்கொண்டு போனால் கெடும். வினாவை வகுத்துக்கொண்டு போனாற் கெடாது. முடிவு கமக்காரருக்குப் பாதகமாயும் வரலாம். பசளையை நாமே அளவுக்கு மிஞ்சி இடுகின்றோம் என்று அது காட்டலாம். அதனை ஏற்க மனத்திடம் இல்லாதவர் இப்பணிக்கு வரவேண்டா. சாதகமான சாட்சியை மட்டும் அழைப்பவர் வழக்கை வெல்லலாம். கிணற்றை வெல்ல முடியாது.

அரசியலாகிவிடும் என்பர் வேறு சிலர். நாம் அரசியற் பணியில் உள்ளவர்கள், அதனை மறைப்பதற்கில்லை. ஆதலாலேயே சொல்கின்றோம்: அம்மண்டபத்துட் கட்சிக் கொடி வேண்டா, மேடையில் அரசியல்வாதிக்கு ஆசனமும் வேண்டா. எம் போன்றோர் நாற்காலி அடுக்கலாம், கடிதம் எழுதலாம், ஆட்களைச் சேர்க்கலாம். தீர்மானம் கமக்காரருடையதும் ஆய்வாளருடையதுமாகட்டும்.

பேசிப் பேசி என்ன கண்டோம் என்பார் மூன்றாமவர். இக்கேள்வியில் நியாயம் உண்டு. தீர்மானங்களை நிறைவேற்றிவிட்டுத் தேநீர் அருந்திக் கலைந்த கூட்டங்கள் எத்தனையோ! அதற்காகவே விளைபொருளை முன்மொழிவில் எழுதவேண்டும் என்றோம். ஐந்து கமக்காரர் தம் தோட்டத்தில் ஒரு பரப்பை ஒதுக்கி, வெங்காயத்துக்கு இடும் பசளையைக் குறைத்தும் பிரித்தும் இட்டு, விளைச்சலையும் நீரையும் ஆய்வாளர் துணையோடு ஒரு போகம் அளப்பாராயின், அச்செயலமர்வு பலித்ததாகும்.

இன்று தொடங்கவேண்டியது

முதற் கூட்டத்துக்குப் பல்கலைக்கழக மண்டபம் தேவையில்லை. ஊர்ச் சனசமூக நிலையம் போதும். கமக்காரர் அமைப்பின் தலைவர் பத்துப் பேரை அழைக்கட்டும். அவ்வூரிற் பிறந்து விரிவுரையாளராயுள்ள ஒருவரையும், மருத்துவராயோ பொறியியலாளராயோ உள்ள ஒருவரையும் உடன் அழைக்கட்டும். அழைத்தால் வராதிருப்போர் சிலரே. அழைக்கப்படாமையாலேயே ஒதுங்கியிருப்போர் பலர். அன்று ஒரு வினாவை ஒரு தாளில் எழுதி மூவர் ஒப்பமிட்டால் முன்மொழிவின் முதல் வரி எழுதப்பட்டுவிட்டது.

தொழில்வல்லாருக்கு ஒரு சொல். உங்களுட் பெரும்பாலார் தோட்டத்து வருமானத்திற் படித்தவர்கள்; துலா மிதித்த கால்கள் உங்களைப் பல்கலைக்கழக வாயில் வரை சுமந்து சென்றன. அக்கால்களுக்குரியோரை அதே வாயிலால் உள்ளே அழைத்துச் சென்று ஆசனத்தில் இருத்தும் கடன் உங்களைச் சார்ந்தது.

கமக்காரப் பெருமக்களுக்கு ஒரு சொல். உங்கள் கிணற்றின் ஆழத்தையும் சுவையையும் உங்களைப்போல் அறிந்தவர் எவருமிலர். அவ்வறிவு உங்களோடு மறையாமல் ஏட்டில் ஏறட்டும். மாநாட்டு வாயிலில் நின்று உள்ளே வரலாமோ என்று கேட்கவேண்டா. வினாவை எழுதி அனுப்புங்கள், ஆசனம் உங்களுக்குரியதாகும். அடுத்த மாரி வருமுன் அத்தாள் எழுதப்படுமாக.